பைக் பாகங்களுக்கு டிரக் பெட்லைனர்: எதில் அடிக்கலாம், எதில் கூடாது?

சேறும்_செயினும்:
வண்டி பெரும்பாலும் ஜல்லி ரோட்டிலும் சேற்றிலும்தான் ஓடுது. முன் சக்கரம் வாரி அடிக்கிற கல்லில் பெல்லி பேன் (எஞ்சினுக்கு அடியில் வர்ற தகடு), ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) அடிப்பக்கம், கிராஷ் கார்டு எல்லாத்திலும் பெயின்ட் போய் துரு எட்டிப் பார்க்குது. பிக்கப் டிரக் தொட்டிக்குள் அடிக்கிற பெட்லைனரை இதுக்குப் பயன்படுத்தலாமா?

கழற்றி வைத்திருப்பவை: அலுமினிய பெல்லி பேன், இரும்பு ஸ்விங் ஆர்ம், பவுடர் கோட் பண்ணின கிராஷ் கார்டு, பின் கேரியர், இரண்டு பிளாஸ்டிக் மட்கார்டு. கூடவே சேசிஸ், பெட்ரோல் டேங்க் இரண்டுக்கும் அடிச்சிடலாமான்னு ஒரு ஆசை. கம்ப்ரஸர் இருக்கு. டப்பா ஸ்ப்ரே போதுமா, ஹார்ட்னர் (கெட்டியாக்குற திரவம்) கலக்குற கிட்தான் வேணுமா?

பத்தாம்நம்பர்_ஸ்பானர்:
பெட்லைனர்னு ஒரே பெயரில் மூணு வேற வேற சரக்கு விக்குது. முதலில் அதைப் பிரிச்சுக்குங்க.

டப்பா ஸ்ப்ரே என்பது கரைப்பான் ஆவியானதும் காயுற ஒற்றைப் பாக பெயின்ட். பெட்ரோல் நனைச்ச துணியால் அழுத்தித் தேய்ச்சா பெரும்பாலானது பிசுபிசுத்துடும். மட்கார்டு உள்பக்கத்துக்கு அது போதும், வேறெங்கும் நம்ப வேண்டாம். அடுத்தது ராப்டர் மாதிரி ஹார்ட்னர் கலக்குற யூரித்தேன் கிட். உங்க வேலைக்கு இதுதான். மூணாவது லைன்-எக்ஸ் வகை: சூடாக்கி, அதிக அழுத்தத்தில் அடிக்கிறது, சில நொடிகளில் கெட்டியாகும். அதுக்குத் தனி மெஷின் வேணும். அது போடுற கனமும் டிரக் தொட்டிக்குத்தான் சரி, பைக் பாகத்துக்கு அதிகம்.

இனி எங்கெல்லாம் கூடாதுன்னு சொல்றேன். கிட் பெட்டியில் இதெல்லாம் எழுதியிருக்காது.

சேசிஸ் வேண்டாம். ஹெட்ஸ்டாக் (ஹேண்டில் தண்டு உட்காருற சேசிஸ் முனை) பக்கத்து வெல்டில் கீறல் விழுந்தா சாதா பெயின்ட் அதோடு சேர்ந்து வெடிக்கும். மெல்லிய துருக் கோடு கண்ணில் படும். பெட்லைனர் ரப்பர் மாதிரி இழுபட்டு அந்தக் கீறலை மூடியே வைச்சிருக்கும். சேசிஸ் நம்பர் மறையுறது தனித் தலைவலி.

போல்ட் உட்காருற முகங்களிலும் வேண்டாம். அதிகம் பேர் தப்பு பண்றது இங்கேதான். கிராஷ் கார்டு கிளாம்புக்கு அடியில் 0.4 மி.மீ., வாஷருக்கு அடியில் 0.4 மி.மீ. மெத்தை இருந்தா, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்) வச்சு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் அது நசுங்கி வழிஞ்சிடும், போல்ட் லூஸாகும். மறுபடி இறுக்கினா மறுபடி நசுங்கும். வாஷரைவிட 2–3 மி.மீ. பெரிய வட்டமா டேப் வெட்டி ஒட்டுங்க. அந்த இடத்துக்குப் பிரைமர் மட்டும் போதும்.

சிலிண்டர் துடுப்பு, எஞ்சின் கவர், சைலன்ஸர் பக்கமே போகாதீங்க. துடுப்பில் அடிச்சா சூடு வெளியேறாம கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடும். சைலன்ஸரில் கருகி நாறும். பிரேக், ஃபோர்க் குழாய், பேரிங் குழி, மரை, எர்த் வயர் உட்காருற இடம் எல்லாத்தையும் கட்டாயம் மூடணும்.

ஸ்விங் ஆர்மில் தனியா இரண்டு கவனம். செயின் அட்ஜஸ்டர் நகருற முகத்தையும் அதன் பக்கத்து அளவுக் கோடுகளையும் மூடுங்க. சொரசொரப்பு ஏறிட்டா அந்தக் கோடுகளை வச்சு சக்கரம் நேர் பார்க்க முடியாது. இன்னொண்ணு, பிரேக் ஹோஸ் உரசிப் போற பக்கம். காய்ஞ்ச பெட்லைனர் அரம் மாதிரி, வண்டி ஆட ஆட ஹோஸைத் தின்னுடும். அந்தப் பக்கம் வழவழப்பா விடுங்க, இல்லேன்னா ஹோஸுக்கு உறை போடுங்க.

டேங்கா? ஹார்ட்னர் கலந்தது பெட்ரோல் சிந்தினா ஓரளவு தாங்கும். ஆனா முழங்கால் படுற இடம் அது. பேன்ட்தான் முதலில் கிழியும்.

எமரித்தாள்_80:
மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். தயாரிப்பு பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் உரிந்து வருகிற பெட்லைனரில் பெரும்பாலும் குற்றம் பெட்லைனருடையது அல்ல, அடியில் இருக்கும் பரப்புடையது. படலம் தன்னளவில் எளிதில் கிழியாத உறுதி கொண்டது. ஆகவே பிடிப்பு விட்டால் பொடியாக உதிராமல் தோல் மாதிரி முழுத் துண்டாகக் கழன்று வரும். அதுவரை அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டிருக்கும்.

முதலில் கிரீஸை எடுங்கள், பிறகுதான் எமரித்தாள். வரிசை மாறினால் செயின் எண்ணெயைக் கீறலுக்குள் நீங்களே தேய்த்து ஏற்றுகிறீர்கள். இரண்டு துணி முறை: ஒன்றால் கரைப்பானைத் தடவி, அது காயும் முன் மற்றொன்றால் துடைக்க வேண்டும். துருவை வெற்று உலோகம் தெரியும்வரை எடுத்து, 80 முதல் 120 நம்பர் தாளில் கீறி, எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். அலுமினியம் தேய்த்த உடனே மறுபடி ஆக்சைடு பூக்கத் தொடங்கும். அன்றே பிரைமர் ஏற வேண்டும். பிரைமர் டப்பாவில் 'மறுகோட் நேரம்' போட்டிருக்கும். அதைத் தாண்டிவிட்டால் மறுபடி தேய்த்த பிறகே மேலே அடிக்கலாம்.

கிராஷ் கார்டின் பவுடர் கோட்டிங் உறுதியாக இருந்தால் சுரண்ட வேண்டாம். 180 நம்பர் தாளில் பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேய்த்தால் அதுவே நல்ல அடித்தளம். உப்பியிருக்கும் இடங்களை மட்டும் உலோகம்வரை திறந்து பிரைமர் வையுங்கள்.

மட்கார்டின் பின்பக்க அச்சைப் பாருங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்தால் போதும். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால், பிடிப்பு தரும் அட்ஹீஷன் ப்ரொமோட்டர் இல்லாமல் எதுவும் ஒட்டாது. அடித்தாலும் வளைகிற ஓரங்களில் ஒரு பயம் இருக்கவே செய்யும். உள்பக்கம் மட்டும் அடியுங்கள்.

அளவுக் கணக்கு எளிது. 1 லிட்டர் கலவையை 1 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 1 மி.மீ. கரைப்பான் போய்க் காய்ந்த பிறகு ஏறக்குறைய பாதி நிற்கும். தட்டையான பெல்லி பேனுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். குழாய்களில் அடிப்பதில் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலுக்கு, சேசிஸ் இல்லாமல், 2 லிட்டர் தாராளம்.

ராப்டர் என்றால் கலவை 3:1. பாட்டிலில் 750 மி.லி. இருக்கும், 250 மி.லி. ஹார்ட்னர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஸ்ப்ரே கன்னை நேராக அந்தப் பாட்டிலிலேயே திருகலாம். அழுத்தம் 40 முதல் 60 பிஎஸ்ஐ, தூரம் சுமார் 45 செ.மீ. அழுத்தம் குறைந்தால் துளி பெரிதாகிச் சொரசொரப்பு கூடும். அழுத்தம் கூடினாலோ கொஞ்சம் தின்னர் சேர்த்தாலோ பரப்பில் எழும் சொரசொரப்பு மணி சிறுக்கும். பைக்குக்குச் சிறு மணிதான் நல்லது, சேறு அவ்வளவாகத் தங்காது. முதல் கோட் மெல்லியதாக, மூலை முடுக்குகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது. கலந்த சரக்கு சுமார் ஒரு மணி நேரம்தான் தாங்கும், வெயிலில் இன்னும் குறைவு. மிச்சத்தை மூடி வைக்க நினைக்காதீர்கள், இரண்டாவது கோட்டுக்குப் புதிதாகக் கலக்குங்கள்.

மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள். முழுதும் காய்ந்த பிறகு இழுத்தால் படலமும் கூடவே பிய்ந்து வரும்.

சேறும்_செயினும்:
சேசிஸ், டேங்க் இரண்டையும் விட்டுட்டேன். இங்கே காற்றில் ஈரம் அதிகம், அதனால் ஏதாவது ஆகுமா? சாதாரண பெயின்ட் மாஸ்க் போதுமா?

பத்தாம்நம்பர்_ஸ்பானர்:
போதாது. ஹார்ட்னரில் இருக்கிறது ஐசோசயனேட். அளவு மீறினாக்கூட மூக்குக்குத் தெரியாது. மாஸ்க்கில் மாட்டுற வடிகட்டி கார்ட்ரிட்ஜ் தீர்ந்துபோனதும் தெரியாது. நுரையீரல் ஒரு தடவை அதுக்கு ஒவ்வாம ஆயிட்டா, அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும், அந்த ஒவ்வாமை பிறகு மாறவே மாறாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வர்ற மாஸ்க்தான் சரி. அது கிடைக்கலேன்னா தேய்க்கிற வேலை, பிரைமர், டேப் எல்லாம் நீங்களே முடிச்சு, அடிக்க மட்டும் பெயின்ட் பூத் இருக்கிற இடத்தில் கொடுத்துடுங்க. எபாக்ஸி பிரைமரும் தோலுக்கு ஆகாது, கையுறை இல்லாம தொடாதீங்க.

ஈரமும் இதே சங்கதிதான். ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வரும், படலத்துக்குள்ளே குமிழி, ஊசித்துளை. கம்ப்ரஸர் தொட்டியை வடிச்சுட்டு, கன்னுக்குப் பக்கத்தில் ஒரு நீர்ப்பிரிப்பான் மாட்டணும். மழை நாளில் அடிக்க வேண்டாம்.

பவுடர்_பக்கம்:
ஸ்விங் ஆர்மை மட்டும் மறுபடி யோசிங்க. எல்லாம் கழற்றியாச்சு, இரும்பு வேற. மணல் பிளாஸ்ட் பண்ணி பவுடர் கோட் கொடுத்தா மெல்லிசா, சீரா வரும்; கீறலும் ஒளியாது. செயின் எண்ணெயைத் துணியால் ஒரே இழுப்பில் துடைச்சிடலாம். பெட்லைனர் மணிக்குள்ள எண்ணெயும் தூசியும் சேர்ந்தா பிரஷ் போட்டாலும் முழுசா வராது. ஒரு நாள் வெல்ட் வைக்க வேண்டி வந்தாலும் பெட்லைனரை எடுக்கறது நரகம், ரப்பர் மாதிரி இருக்கிறதால பிளாஸ்ட் மணலையே எகிற வச்சிடும். சூடு காட்டி, சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத்தான் எடுக்கணும். அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது.

எமரித்தாள்_80:
செயின் ஓடும் பக்கத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் கல் நேராக மோதும் அடிப்பகுதியில் பவுடர் சில்லுச் சில்லாகப் போகும். இரண்டையும் சேர்க்கலாம்: முழு ஆர்முக்கும் பவுடர், அடிப்பரப்பில் மட்டும் அதைத் தேய்த்து ஒரு பட்டை பெட்லைனர். பட்டையின் ஓரத்தைத் தட்டையான முகத்தின் நடுவில் நிறுத்தாமல் வளைவைத் தாண்டி மறைவில் முடியுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் முதலில் தூக்குவது அந்த ஓரத்தைத்தான். முதல் ஒரு வாரம் பிரஷர் வாஷ், பெட்ரோல் துடைப்பு இரண்டும் வேண்டாம். தொட்டால் காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே இன்னும் முற்றியிருக்காது.