ஹில்லை அனுப்பியவர்களுக்கு கோப்பை, பிரவுனை அனுப்பியவர்களுக்கு வேலை போனது: சாலரி கேப் கணக்கு எங்கே மாறுகிறது?

ஓரக்கோடு கேட்டது:

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். ஆட்டம் இப்போது ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஒரு அணி வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்கிற சாலரி கேப்பை வைத்து, மார்ச் மாதம் வந்தால் நடக்கும் வரவு செலவுதான் இன்னும் தலையைச் சுற்ற வைக்கிறது.

2022இல் கொஞ்ச நாள் இடைவெளியில் இரண்டு பெரிய ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) அணி மாறினார்கள். மார்ச்சில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ், டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்து ஐந்து டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) வாங்கியது. ஏப்ரல் கடைசியில், டிராஃப்ட் நடந்துகொண்டிருந்த ராத்திரியே, டென்னசி டைட்டன்ஸ் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கொடுத்து 18ஆவது பிக்கையும் 101ஆவது பிக்கையும் வாங்கியது. இரண்டிலும் சிக்கல் புது ஒப்பந்தத்தின் விலைதான். ஹில்லுக்கு மயாமி 4 வருஷத்துக்கு 12 கோடி டாலர் கொடுத்தது, பிரவுனுக்கு ஈகிள்ஸ் 4 வருஷத்துக்கு 10 கோடி.

சீஃப்ஸ் அடுத்த இரண்டு சூப்பர் போலையும் (இறுதிப் போட்டி) தூக்கிவிட்டது. டைட்டன்ஸ் வெற்றி-தோல்விக் கணக்கில் 12-5இலிருந்து 7-10க்கு விழுந்து, டிசம்பரிலேயே ஜெனரல் மேனேஜர் ஜான் ராபின்சனை வீட்டுக்கு அனுப்பியது. முடிவு தெரிந்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம். ஒரு வீரரை மாற்றினால் லாபமா நஷ்டமா என்று முன்கூட்டியே எடைபோட ஏதாவது வழி இருக்கிறதா? "அவர் சம்பளம் 2 கோடி, விட்டால் 2 கோடி மிச்சம்" என்கிற கணக்கு தப்பு என்பது வரைக்கும் எனக்குத் தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை.

கணக்குப்புலி:

அந்த 2 கோடி கணக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது. முதல் ஓட்டை, விட்ட இடத்தில் யாராவது ஒருவர் ஆடியாக வேண்டும். 2024இல் புதுமுக வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளமே 7.95 லட்சம் டாலர். ஆகவே நட்சத்திரத்தைப் பூஜ்யத்தோடு ஒப்பிடக் கூடாது, குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எந்த அணிக்கும் கிடைக்கக்கூடிய சாதாரண ஆளோடு ஒப்பிட வேண்டும். அந்த ஆளைவிட இவர் எத்தனை ஆட்டத்தை ஜெயித்துத் தருவார், அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம், அதே காசை வேறு இடத்தில் போட்டால் அதைவிட அதிகம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. மூன்றாவது பாகத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஓட்டை டெட் மணி, அதாவது போய்விட்ட ஆளுக்காகக் கேப் கணக்கில் நிற்கும் தொகை. கையெழுத்துப் போடுவதற்கான சைனிங் போனஸைக் கையில் உடனே கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் கேப் கணக்கில் அதிகபட்சம் 5 வருஷத்துக்குப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். உதாரணத்துக்கு 5 வருஷ ஒப்பந்தம், 5 கோடி போனஸ் என்றால் வருஷத்துக்கு 1 கோடி. இரண்டு வருஷம் கழித்து ஆளை அனுப்பினால் மீதி 3 கோடியும் மொத்தமாக அந்த வருஷக் கணக்கில் வந்து விழும், விற்றுவிட்ட வண்டிக்குத் தவணை கட்டுவது மாதிரி. ஜூன் 1க்குப் பிந்தைய விடுவிப்பாகக் காட்டினால் இந்த வருஷம் 1 கோடி, அடுத்த வருஷம் 2 கோடி என்று பிரிக்கலாம், அவ்வளவுதான் சலுகை. ஹில்லுக்கு சீஃப்ஸ் ஒப்பந்தத்தில் கடைசி வருஷம்தான் பாக்கி, எழுத வேண்டிய போனஸ் ஏறக்குறைய தீர்ந்திருந்தது. அதனால் அவரை அனுப்பியபோது மிச்சம் நிஜமான மிச்சமாக இருந்தது. பிரவுன் விஷயம் வேறு. அவர் இரண்டாம் சுற்று ரூக்கி (புதுமுக) ஒப்பந்தத்தின் நான்காவது வருஷத்தில், சொற்பச் சம்பளத்தில் இருந்தவர். அவரை விட்டதால் டைட்டன்ஸுக்கு 2022இல் பெரிய காசு எதுவும் மிஞ்சவில்லை. இனிமேல் வரப்போகும் செலவு மட்டும்தான் தவிர்ந்தது.

மூன்றாவதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்: டாலரில் பார்க்காதீர்கள், கேப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 2022இல் கேப் 20.82 கோடி. ஹில்லின் வருஷ சராசரி 3 கோடி, அதாவது 14 சதவீதத்துக்கு மேல். பிரவுனின் 2.5 கோடி 12 சதவீதம். 2025இல் கேப் 27.92 கோடி ஆகிவிட்டது, அதே 2.5 கோடி 9 சதவீதத்துக்கும் கீழே. கேப் ஏறும் வேகத்தில் இளம் வீரரின் ஒப்பந்தம் தானாகவே மலிவாகிக்கொண்டு போகும். கோவிட் புண்ணியத்தில் 2021இல் கேப் 18.25 கோடிக்கு இறங்கியது விதிவிலக்கு. அணி மாறியபோது ஹில்லுக்கு 28 வயது, பிரவுனுக்கு 24. வேகத்தை நம்பி ஆடும் 28 வயதுக்காரருக்கு உச்ச விலை கிடைக்கும்போது கொடுத்துவிட்டார்கள் என்றால் புரிகிறது. 24 வயதுக்காரரை ஏன் விட்டார்கள் என்பதற்கு எனக்கு இன்றுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

முன்வரிசை:

புலி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். வந்ததை என்ன செய்தார்கள்? டைட்டன்ஸ் 18ஆவது பிக்கில் டிரேலான் பர்க்ஸ் என்கிற ரிசீவரையே எடுத்து, பிரவுன் இடத்தில் அப்படியே உட்கார வைத்தது. முதல் வருஷம் அவர் 444 யார்டு. அதே வருஷம் பிரவுன் 1,496. சீஃப்ஸ் ஹில்லுக்குப் பதில் இன்னொரு ஹில்லைத் தேடவே இல்லை. ஸ்மித்-ஷூஸ்டர், வால்டெஸ்-ஸ்கான்ட்லிங், இரண்டாம் சுற்றில் ஸ்கை மூர் என்று பந்து பிடிக்கும் வேலையைச் சுமாரான ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மயாமியிடமிருந்து வந்த 29ஆவது பிக்கையும் சேர்த்துக் கொடுத்து 21க்கு ஏறி, தடுப்பாட்டக்காரரான கார்னர்பேக் டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள். 2023இல் அவர்களுடைய ரிசீவர்கள் பந்தைத் தவறவிட்ட கூத்தை எல்லோரும் பார்த்தோம், ஆனால் அந்த வருஷம் குறைவாகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணிகளில் சீஃப்ஸ் இரண்டாவது. ஹில்லால் கிடைத்ததைத் தடுப்பாட்டத்தில் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) மஹோம்ஸ். அவர் இருக்கும் அணியில் ரிசீவரை மாற்றுவது ஒரு விலை, டானஹில் பந்து எறிந்த டைட்டன்ஸில் மாற்றுவது வேறு விலை. இதை எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது.

ஜெர்சிவாசி:

ரிசீவர் கதையை விடுங்கள், எங்கள் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். ஜயன்ட்ஸ் 2024 மார்ச்சில் சேக்வான் பார்க்லியை விட்டது. ரன்னிங் பேக்குக்கு (பந்தோடு ஓடுபவர்) பெரிய காசு கொடுக்காதே, மலிவாக மாற்று என்று புள்ளிவிவரக்காரர்கள் சொன்ன பாடத்தை அப்படியே கேட்டு நடந்தது. 3 வருஷம், 1.65 கோடிக்கு சிங்கிள்டரி வந்தார், ஐந்தாம் சுற்றில் டைரோன் டிரேசியை எடுத்தார்கள், அந்தப் பையன் ரூக்கியாகவே 839 யார்டு ஓடினான். கணக்குப்படி மாற்று ஆள் கிடைத்துவிட்டார்! அதே வருஷம் பார்க்லி, 3 வருஷம் 3.775 கோடி என்று எங்கள் பரம எதிரி ஈகிள்ஸிடம் போய் 2,005 யார்டு ஓடி சூப்பர் போல் வாங்கினார். நாங்கள் 3-14.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பாடம் சரியா?

கணக்குப்புலி:

சரிதான் என்பேன், திட்டாதீர்கள். பார்க்லி ஜயன்ட்ஸிலேயே இருந்திருந்தால் 2,005 ஓடியிருப்பாரா? ஈகிள்ஸில் மைலாட்டா, டிக்கர்சன், லேன் ஜான்சன் வழி திறந்துவிட்டார்கள். உங்கள் பக்கம் அதே வேலையைச் செய்யும் ஆண்ட்ரூ தாமஸ் அக்டோபரிலேயே காயத்தில் போய்விட்டார். 3-14 அணியை ஒரு ரன்னிங் பேக் 5-12 ஆக்குவார், அதில் என்ன லாபம்? மற்ற எல்லாம் தயாராக இருக்கும் அணிக்கு அதே ஆள் கோப்பைக்கான கடைசித் துண்டு. வீரருக்கென்று தனியாக ஒரு மதிப்பு கிடையாது, அவர் போய் உட்காரும் அணியோடு சேர்த்துத்தான் மதிப்பு.

உங்கள் அணி தவறிய இடம் பார்க்லி இல்லை. 2023இல் டேனியல் ஜோன்ஸுக்கு 4 வருஷத்துக்கு 16 கோடி என்று கையெழுத்துப் போட்டு, 2024 நவம்பரில் அவரை அனுப்பியதுதான். மலிவான குவார்ட்டர்பேக்கை மலிவாக மாற்றியிருக்க வேண்டிய நேரத்தில் விலையைக் கூட்டிவிட்டார்கள்.

ஜெர்சிவாசி:

ஜோன்ஸ் விஷயத்தில் வாயே திறக்க மாட்டேன். ஆனால் ரசிகன் டிக்கெட் வாங்குவது பார்க்லியைப் பார்க்கத்தான், கேப் சதவீதத்தைப் பார்க்க இல்லை.

ஓரக்கோடு:

நன்றி எல்லோருக்கும். ஒரு சந்தேகம். டெட் மணி இவ்வளவு பயங்கரம் என்றால் டென்வர் எப்படி குவார்ட்டர்பேக் ரசல் வில்சனை விட்டது? இரண்டு வருஷத்தில் 8.5 கோடி டெட் மணி என்று படித்தேன். அதற்கு அவரையே ஆட வைத்திருக்கலாமே?

கணக்குப்புலி:

எல்லோரும் வழுக்கும் இடம் இது. அந்த 8.5 கோடியில் பெரும்பகுதி வைத்திருந்தாலும் போகும், அனுப்பினாலும் போகும். 2024 சம்பளம் 3.9 கோடி ஏற்கனவே உத்தரவாதம், போனஸ் கொடுத்து முடிந்தது. இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் தொகையை ஒப்பீட்டிலிருந்து தூக்கிவிட வேண்டும். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: 2024 மார்ச்சில், புது லீக் வருஷம் பிறந்து ஐந்தாம் நாள் வில்சன் பட்டியலில் இருந்தால் 2025க்கான 3.7 கோடியும் உத்தரவாதமாகிவிடும். டென்வர் அந்தக் கதவு மூடுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டது. 5.3 கோடியை 2024இலும் 3.2 கோடியை 2025இலும் எழுதிக்கொண்டு, 12ஆவது பிக்கில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்தது. நிக்ஸுக்கு 4 வருஷத்துக்கும் சேர்த்து 2 கோடிகூட இல்லை. அந்த அணி 10-7 முடித்து, 2015 சீசனுக்குப் பிறகு முதல் தடவையாக பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) போனது. வில்சனைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு பிட்ஸ்பர்க் வாங்கிக்கொண்டது, மீதியை டென்வர் கொடுத்தது. அதுவும் ஒரு வேடிக்கை.

இந்த மாதிரித் தப்பிக்க முடிவதற்குக் காரணமே 2011இல் வந்த ரூக்கி சம்பள விதி. 2010இல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதம் மட்டும் 5 கோடி. அடுத்த வருஷம் கேம் நியூட்டனுக்கு மொத்த ஒப்பந்தமே 2.2 கோடிதான். அன்றைக்கு விழுந்த விலையில்தான் இன்றைக்கு எல்லா மாற்றும் நடக்கிறது.

முன்வரிசை:

ஓரக்கோடு, முன்கூட்டியே எடைபோடும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும் வீரருக்கு ஈடாக, அவர் வாங்கும் சம்பளத்தைப் பொறுத்து அடுத்த வருஷம் பழைய அணிக்கு ஈட்டுப் பிக் கிடைக்கலாம், அதிகபட்சம் மூன்றாம் சுற்றின் கடைசியில். நாமே துரத்திவிட்ட ஆளுக்குக் கிடைக்காது. வெளியிலிருந்து அதே தரத்தில் ஒருவரை வாங்கினால் கணக்கு நேராகி அந்தப் பிக்கும் ரத்து. அதனால் இந்த வருஷம் உங்கள் அணி யாரை விடுகிறது என்று பார்க்கும்போது, ஒப்பந்தம் முடிந்து போகிறாரா இல்லை வெட்டிவிடுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். எந்த அணி என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லையே?

ஓரக்கோடு:

டைட்டன்ஸ்தான். சிரிக்காதீர்கள்.