மொட்டை மாடி மழைமானி: அளவு குறைவாகவே வருகிறது, ஏன்?

தூறல்:
செங்கல்பட்டில் செப்டம்பர் பிறந்ததிலிருந்து அநேகமாகத் தினமும் சாயங்கால இடிமழை. 16 செ.மீ. விட்டப் புனலை ஒரு லிட்டர் பாட்டிலில் பொருத்தி, மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். அக்கம்பக்கத்துக் கணக்கைவிடக் குறைவாகவே வருகிறது. நேற்று பாட்டில் நிரம்பி வழிந்தது. ராத்திரி 11 மணி மழையை எந்தத் தேதியில் எழுதுவது?

மழைக்கணக்கு:
16 செ.மீ. விட்டம் என்றால் வாயின் பரப்பு 201 சதுர செ.மீ. சேர்ந்த தண்ணீரை மில்லியில் அளந்து 20ஆல் வகுத்தால் மி.மீ. வந்துவிடும். ஆக, உங்கள் பாட்டில் 50 மி.மீ.யிலேயே நிரம்பிவிடும். வானிலைத் துறையின் கனமழைக் கணக்கே 64.5 மி.மீ.யில்தான் தொடங்குகிறது. 5 லிட்டர் கேன் வையுங்கள், 250 மி.மீ. வரை தாங்கும்.

புனல் சரிவாக மட்டும் இருந்தால் பெரிய துளிகள் தெறித்து வெளியே போய்விடும். 160 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி மேலே ஒட்டுங்கள். அந்த 160 வெளிவிட்டம். உள்விட்டத்தை அளந்து பரப்பை மறுபடி போடாவிட்டால் கணக்கு முழுவதும் தப்பு.

காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான் ஒரு நாள். 12ஆம் தேதி ராத்திரி பெய்தது 13ஆம் தேதிக் கணக்கு.

ஏரிக்கரை:
இடம்தான் முக்கியக் கோளாறு. காற்று சுவரில் மோதி மேலே கிளம்பும்போது துளிகளைப் புனலுக்கு அப்பால் தள்ளிவிடும். இடிமழையோ காற்றோடுதான் வரும். தரையில், விளிம்பு 30 செ.மீ. உயரத்தில், மட்டம் பார்த்து வையுங்கள். மரமோ சுவரோ, அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். தரையில் வழியே இல்லையென்றால் மாடி நடுவில், சுற்றிலும் கோணிச்சாக்கு விரித்து. வெறும் சிமென்ட் தளம் தண்ணீரைத் தெறிக்கவைத்து அளவைக் கூட்டிவிடும்.

தூறல்:
தானியங்கி மானி வாங்கிவிட்டால் இதெல்லாம் வேண்டாமா?

மழைக்கணக்கு:
வாங்குங்கள், ஆனால் கேனை எடுத்துவிடாதீர்கள். தானியங்கியில் சின்னக் கரண்டி நிரம்பிக் கவிழ்வதை எண்ணுகிறார்கள். அடைமழையில் அது கவிழ்கிற நேரத்துக்குள் விழும் தண்ணீர் கணக்கில் சேராது. ஒரு வேப்பிலை துளையை அடைத்தாலும் போச்சு. எத்தனை மணிக்குப் பெய்தது என்பதற்குத் தானியங்கி, மொத்தத்துக்குக் கேன்.

ஏரிக்கரை:
நோட்டில் இன்னொன்று: மழை இல்லாத நாளுக்கு 0. பார்க்காத நாளுக்குக் கோடு. மறுநாள் அளப்பது இரண்டு நாள் கூட்டுத்தொகை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். பாதியாகப் பிரித்துப் போடாதீர்கள்.