இருட்டே இல்லாத புறநகர்: விண்மீன் பார்க்க எங்கே செல்லலாம்? (உதவி தேவை)

மொட்டைமாடி எழுதியது:
வணக்கம். எங்கள் பகுதியில் இரவு வானம் சாம்பல் பூத்துத்தான் கிடக்கிறது. மாடியில் நின்று எண்ணினால் இருபது விண்மீன்கூடத் தேறவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பால்வீதியைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். சென்ற விடுமுறை நாளில் மாமல்லபுரம் வரை வண்டி ஓட்டிச் சென்று கடற்கரையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை. இதைவிட இருட்டான இடம் பக்கத்தில் இருந்தால் கூறுங்கள், இந்த வார இறுதியிலேயே புறப்பட்டுவிடுகிறேன். சற்று அவசரம்.

கடலோடி எழுதியது:
நண்பரே, எந்த ஊரிலிருந்து புறப்படுகிறீர்கள் என்று எழுதவில்லையே. மாமல்லபுரம் சென்றதிலிருந்து சென்னைப் புறநகர் என்று ஊகிக்கிறேன். ஆனால் அம்பத்தூர்க்காரருக்கும் கேளம்பாக்கத்துக்காரருக்கும் ஒரே விடை பொருந்தாது. வெறுங்கண்ணால் பார்த்தீர்களா, கருவி ஏதேனும் இருந்ததா, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பவற்றையும் கூறினால் நல்லது.

மலையேறி எழுதியது:
கடற்கரையே தவறான தேர்வு. கடல் மட்டத்தில் ஈரப்பதமும் தூசியும் மண்டிக் கிடக்கும். உயரம் ஏற ஏறக் காற்று தெளிவாகும் என்பதால்தான் வானாய்வகங்களை மலையில் கட்டுகிறார்கள். ஏலகிரிக்குச் செல்லுங்கள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், வேறு யோசனையே வேண்டாம்.

வடமீன் எழுதியது:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விடை கூறியாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை புதியவர்களுக்கு ஏன் இருப்பதில்லை என்று தெரியவில்லை. போர்ட்டில் அளவுகோல் என்று ஒன்று 2001 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று என்பது மாசற்ற இருள், ஒன்பது என்பது மாநகரின் நடுப்பகுதி. ஒளி மாசு வரைபடத்தில் உங்கள் வீடு எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து கேட்டால் பேசலாம். உண்மையான வானம் வேண்டுமென்றால் லடாக்கின் ஹான்லேக்குத்தான் செல்ல வேண்டும்.

அறுமீன் எழுதியது:
எனக்கு ஒரே ஓர் ஐயம். விடுமுறை நாள் என்றீர்களே, எந்த விடுமுறை?

மொட்டைமாடி எழுதியது:
மன்னிக்கவும், இவையெல்லாம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. ஊர் மேடவாக்கம். சென்றது தைப்பூச விடுமுறையன்று, மாலை 7 மணி முதல் 9 மணி வரை. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருக்கிறேன், அதன் பெட்டியில் 675 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் பால்வீதியைத் தேடினோம்.

அறுமீன் எழுதியது:
தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது, ஐயா. நீங்கள் கடலைப் பார்த்து அமர்ந்திருந்த அதே இரண்டு மணி நேரத்தில் உங்கள் கண்ணெதிரே முழுநிலா எழுந்திருக்கும்; அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் இடத்தைக் குறை கூறுகிறீர்கள். முழுநிலவு நாளில் ஹான்லேயில் நின்றாலும் பால்வீதி வெளிறித்தான் போகும்.

இரண்டாவது, நீங்கள் தேடிய பொருள் அந்நேரம் வானத்திலேயே இல்லை. பால்வீதியின் ஒளி மிகுந்த மையப்பகுதி தனுசு இராசியின் பக்கம் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அது விடிவதற்குச் சில மணி நேரம் முன்புதான் தென்கிழக்கில் எழும். முன்னிரவில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் பக்கமாகச் செல்லும் பகுதி மங்கலானது, நல்ல இருட்டில்தான் கண்ணுக்குப் புலப்படும். முன்னிரவிலேயே மையத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆனி, ஆடி வரை பொறுத்திருக்க வேண்டும், அப்போது மேகம் வழிவிட வேண்டும்.

மூன்றாவது, தொலைநோக்கியை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். பால்வீதி அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நீள்வது. அதைத் தொலைநோக்கியில் தேடுவது ஊசித் துளை வழியாகத் தேர்த் திருவிழா பார்ப்பதைப் போன்றது. 675 மடங்கு என்பதும் விற்பனைப் பேச்சுதான். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பது பொது வரம்பு. உங்கள் கருவிக்கு 140ஐத் தாண்டினால் பிம்பம் கலங்கிப்போகும். வியாழனின் நிலவுகளுக்கும் சனியின் வளையத்துக்கும் அது நன்றாகவே பயன்படும்.

இந்த வார இறுதியில் புறப்படாதீர்கள். தேய்பிறையின் தொடக்கத்தில் முன்னிரவில் சிறிது நேரம் இருட்டு கிடைக்கும், பிறகு எழும் நிலா விடியும்வரை தலைக்கு மேலேயே நிற்கும். நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது திதியைக் கவனியுங்கள். முன்னிரவு வானம் வேண்டுமென்றால் தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு செல்லுங்கள். விடியற்காலை வானம் வேண்டுமென்றால் அமாவாசை முதல் வளர்பிறை அஷ்டமி வரை ஏற்றது, ஏனென்றால் அந்நாள்களில் நிலா நள்ளிரவை ஒட்டியோ அதற்கு முன்போ மறைந்துவிடும். இன்னும் இரண்டு வாரத்தில் மகா சிவராத்திரி வருகிறது. அது எப்போதும் அமாவாசையை ஒட்டிய தேய்பிறைச் சதுர்த்தசி இரவில்தான் அமையும்; எப்படியும் கண்விழிக்கிற இரவு.

தெருவிளக்கு எழுதியது:
இவ்வளவு தொலைவு அலைய வேண்டிய தேவையே இல்லை. ஒளி மாசு வடிகட்டி ஒன்றை வாங்கித் தொலைநோக்கியில் பொருத்தினால் மேடவாக்கம் மாடியிலிருந்தே பார்க்கலாம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையில் செறிந்திருப்பதால் அதை மட்டும் தனியே தடுத்துவிட முடியும். நான் பத்து ஆண்டுகளாக அப்படித்தான் பார்க்கிறேன்.

கடலோடி எழுதியது:
பத்து ஆண்டுகளுக்கு முன்பு சரி. இப்போது பெரும்பாலான தெருக்களில் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. அதன் ஒளி நீலம் முதல் சிவப்பு வரை தொடர்ச்சியாகப் பரவியது. எந்தப் பட்டையைத் தடுப்பீர்கள்? போதாக்குறைக்கு நீல ஒளிதான் காற்றில் மிகுதியாகச் சிதறும் என்பதால் வானம் முன்பைவிட மோசமாக வெளிறுகிறது.

தெருவிளக்கு எழுதியது:
எங்கள் தெருவில் இன்னும் சோடியம்தான். வாயு முகில்களின் ஒளியை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டிகளும் கிடைக்கின்றன. பயன்படுத்திப் பார்க்காதவர்கள் தீர்ப்புக் கூற வேண்டாம்.

அறுமீன் எழுதியது:
குறும்பட்டை வடிகட்டி ஓரியன் முகிலுக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பால்வீதியின் ஒளியோ எண்ணற்ற விண்மீன்களின் ஒளி. அதுவும் தொடர்ச்சியான நிறமாலைதான். வடிகட்டியைப் போட்டால் விளக்கொளியோடு அதுவும் சேர்ந்து போய்விடும். கேட்டவர் கேட்டது இடம், இடத்துக்கு வருவோம்.

கடலோடி எழுதியது:
மேடவாக்கம் என்றால் தெற்கே செல்வதுதான் முறை. சென்னையின் அட்சரேகை 13 டிகிரி வடக்கு; நமக்குக் கிடைத்த கொடை தென்வானம். எண்ணூர், பழவேற்காடு பக்கம் சென்றால் மாநகரமே தெற்கில் நின்று அதை மறைக்கும். தெற்கே சென்றால் நகரின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மெர்லே வாக்கர் என்ற வானியலாளர் 1970களில் கலிபோர்னிய நகரங்களின் வான் வெளிச்சத்தை அளந்து ஒரு விதி வகுத்தார். நகரிலிருந்து தொலைவு இருமடங்கானால் அதன் வெளிச்சம் பாதியாக அல்ல, ஏறத்தாழ ஐந்தரையில் ஒரு பங்காகக் குறையும். மாமல்லபுரம் சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர், கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இந்தக் கணக்கின்படி அங்கே சென்னையின் வெளிச்சம் மாமல்லபுரத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. மாமல்லபுரத்தில் தெற்கே திரும்பினால் கல்பாக்கத்து விளக்குகள் தெரியும். ஆலம்பரையில் அவையும் வடக்கே போய்விடும். கிழக்கிலும் தென்கிழக்கிலும் கடல் மட்டுமே. மையப்பகுதி எழும் திசையும் அதுதான்.

கோட்டைச் சுவருக்குள் இரவில் போகாதீர்கள்; இடிபாடு, முள், பாம்பு எல்லாம் உண்டு. முன்கூட்டியே பகலில் ஒருமுறை சென்று மீனவர் குடியிருப்பில் பேசி வைத்துக்கொண்டால், இரவில் குடும்பத்தோடு அமர இடத்தை அவர்களே காட்டுவார்கள். ரோந்து வரும் காவலர்களிடமும் மறைக்காமல் காரணத்தைக் கூறிவிடுங்கள். என்னை ஒருமுறை அரை மணி நேரம் விசாரித்தவர், கடைசியில் மூல நட்சத்திரத்தின் (தேளின் வால்) கொக்கியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சென்றார்.

ஏரிக்கரை எழுதியது:
கடற்காற்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரைகள் இருக்கின்றன. வடக்கே ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் வெளிச்சம் அடிவானத்தில் தெரியும் என்பதை மறைக்கவில்லை, ஆனால் தெற்கு நன்றாகவே இருக்கிறது. போர்வை கட்டாயம் வேண்டும். மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. ஒரு மணி நேரத்தில் கண்ணாடி வில்லை முழுவதும் நீர் பூத்துவிடும்.

மலையேறி எழுதியது:
ஏலகிரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

கடலோடி எழுதியது:
உயரம் நல்லதுதான். ஆனால் ஏலகிரியில் விடுதி விளக்குகள் மிகுதி, கீழே வாணியம்பாடி, சோலையார்பேட்டை. அவ்வளவு தொலைவு செல்பவர் சவ்வாது மலையில் சமுனாமரத்தூர்ப் பக்கம் செல்லலாம். அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் 1968 முதல் இயங்குகிறது. 1986இல் அங்கே நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. தென்வானம் தெரியும் அட்சரேகை என்பது அந்த இடத்தின் பெருமைகளுள் ஒன்று. அங்கே சென்றால் வண்டியின் முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு வாயில்வரை போய் நிற்காதீர்கள்; பார்வையாளர் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வடமீன் எழுதியது:
இவையெல்லாம் ஆறுதல் பரிசுகள். ஹான்லே 4,500 மீட்டர் உயரம், 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்த இடம். அதைப் பார்த்தவர் ஏரிக்கரையில் உட்கார்ந்து பனியில் நனைய மாட்டார்.

அறுமீன் எழுதியது:
ஹான்லேயின் அட்சரேகை ஏறத்தாழ 33 டிகிரி. தென்சிலுவை அங்கே முழுமையாக எழவே எழாது. அகத்திய நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஐந்து டிகிரிகூட ஏறாது. நமக்கோ 24 டிகிரி. ஒமேகா செண்டாரி என்னும் விண்மீன் கொத்து அங்கே பத்து டிகிரி, இங்கே முப்பதை நெருங்கும். இருளில் ஹான்லேயே உயர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆலம்பரையில் தெரிவன எல்லாம் அங்கே தெரிவதில்லை. தவிர, ஒரு பள்ளிச் சிறுமிக்கு அடுத்த அமாவாசைக்குள் காட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

வடமீன் எழுதியது:
அடிவானத்தை ஒட்டிய தூசியில் தென்சிலுவையைத் தேடுவது அவரவர் விருப்பம்.

அறுமீன் எழுதியது:
மொட்டைமாடி அவர்களுக்கு: புறப்படுவதற்கு முந்தைய மாலை, மாடியிலிருந்து கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை விண்மீன் தெரிகின்றன என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். சென்ற இடத்திலும் அதையே எண்ணச் சொல்லுங்கள், நள்ளிரவுக்குள் அது மேற்கே மறைந்துவிடும். நம் முன்னோர் அதை அறுமீன் என்றார்கள். ஆறு தெரியாத இடத்தில் பால்வீதியை எதிர்பார்க்க வேண்டாம். வண்டியை நிறுத்தியபின் முழுதாக அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடாதீர்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணை ஒரே ஒரு குறுஞ்செய்தி கெடுத்துவிடும், மறுபடியும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். விளக்கு தேவைப்பட்டால் சிவப்பு வண்ணத் தாள் சுற்றிய டார்ச்சு போதும். 4 மணிக்கு மேல் தென்கிழக்கில் செந்நிறக் கேட்டையைப் பிடித்து, தேளின் வாலைப் பின்தொடருங்கள். வாலின் கொக்கிக்கும் தனுசுக்கும் இடையே இருப்பதுதான் நீங்கள் தேடுவது. ஒளிப்படங்களில் வரும் ஊதா, ஆரஞ்சு வண்ணங்களை எதிர்பார்க்க வேண்டாம். வெறுங்கண்ணுக்கு அது வெண்சாம்பல்தான்.

தெருவிளக்கு எழுதியது:
சிவப்புத் தாளும் ஒருவகை வடிகட்டிதான் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

(மூன்று வாரங்களுக்குப் பிறகு)

மொட்டைமாடி எழுதியது:
தாமதத்துக்கு மன்னிக்கவும், மகளுக்குத் தேர்வு. அமாவாசைக்கு மறுநாள் சென்றோம். மாடியில் கார்த்திகை நான்கு; அங்கே எனக்கு ஆறு, மகளுக்கு எட்டு. நாலேகால் மணிக்குத் தென்கிழக்கில் மேகம் ஏறுகிறது என்று எண்ணிப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். அந்த மேகம் நகரவே இல்லை என்று மகள்தான் முதலில் கூறினாள். தொலைநோக்கியை எடுத்துச் செல்லவில்லை. அனைவருக்கும் நன்றி.

கடலோடி எழுதியது:
மிக்க மகிழ்ச்சி. ஆலம்பரையா, உத்திரமேரூரா, எங்கே சென்றீர்கள் என்பதை மட்டும் இம்முறையும் எழுதவில்லையே?

ஏரிக்கரை எழுதியது:
பாய் என்றதால் ஏரிக்கரையாகத்தான் இருக்க வேண்டும்.

கடலோடி எழுதியது:
கடற்கரையிலும் பாய் விரிப்பார்கள்.