புதுப்பிப்பு: பதில் சொல்ல லேட் பண்ற வீட்டுக்காரர்

எது கேட்டாலும் ரொம்ப நேரம் யோசிச்சுதான் பதில் சொல்றாரு, அக்கறையே இல்லையோன்னு முன்னாடி புலம்பியிருந்தேன்ல, சண்டை போடாம சும்மா கவனிச்சுப் பாருன்னு சொன்னீங்க. கவனிச்சேன். வேலூர் நேதாஜி மார்க்கெட்ல முள்ளு கத்திரிக்கா வாங்கப் போனோம் (2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே, நம்ம இலவம்பாடி காய்தான்), மனுஷன் ஒவ்வொண்ணா எடுத்து காம்புல முள்ளு குத்துதான்னு தடவி, திருப்பி ஓட்டை இருக்கான்னு பாத்து, கடைக்காரம்மா முறைக்கிற வரைக்கும் பொறுக்குறாரு. அப்புறம் என்னைப் பாத்து 'காரக்குழம்பா, எண்ணெய் கத்திரிக்காவா, உனக்கு எது வேணும்?'னாரு. 'எதுவா இருந்தா என்னங்க'ன்னு பட்டுன்னு வாய்ல வந்துடுச்சு. கல்யாணப் புடவை எடுத்தப்பவும் இதேதான் சொன்னேன், அம்மா வீட்லயும் இதேதான். அவரு லேட்டாவாவது ஒண்ணு சொல்றாரு, எனக்கு என்ன புடிக்கும்னு நான் யோசிச்சதே இல்ல போல. அங்கேயே நின்னு யோசிச்சு எண்ணெய் கத்திரிக்கான்னேன். இப்ப பேச்சு பரவால்ல, ஆனா பைக் சாவி தேடுறதுல மட்டும் அதே ஸ்பீடுதான், அதுக்கு ஐடியா இருந்தா சொல்லுங்கப்பா.