எம்340ஐ: தனியாக வின்டர் டயரா, வருஷம் முழுக்க ஆல்-சீசனா?

மாறன்_மார்க்கம் · அக்டோபர் 26, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் 2021 பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். 382 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. 19 அங்குல ரிம்மில் கோடைக்கால டயரோடு வந்தது. முன்னால் 225/40, பின்னால் 255/35 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது). இந்த டயரோடு பனிக்காலத்தில் வண்டியை எடுக்கக் கூடாது என்பது வரைக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் குழப்பம்.

டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கத்தில் அடுக்குமாடி வீடு. வண்டி நிலத்தடியில் நிற்கிறது. வாரம் மூன்று நாள் டிவிபி (டான் வேலி பார்க்வே) விரைவுச்சாலை வழியாக டவுன்டவுன் வேலைக்குப் போகிறேன், ஞாயிறு அஜாக்ஸில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போவேன். பிப்ரவரியில் மான்ட்ரியலில் சித்தப்பா மகள் கல்யாணம்.

ஒன்று, 18 அங்குல ரிம்மோடு தனி வின்டர் செட். எனக்குச் சொன்ன விலை 2,300 டாலர். இல்லாவிட்டால் மலைமுகடும் பனித்துகளும் உள்ள முத்திரை (பனிச் சோதனையில் தேறியதற்கான அடையாளம்) போட்ட பெர்ஃபார்மன்ஸ் ஆல்-சீசனை வாங்கி வருஷம் முழுக்க ஓட்டலாம், 1,700 டாலர். இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கோடு · அக்டோபர் 26, இரவு 10:15

தம்பி, வின்ரர் ரயரைப் போடுங்கோ. பத்தொன்பது வருசமாக ஸ்காபரோவில் கார் ஓடுகிறேன், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எக்ஸ்டிரைவ் இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் ஆபத்து. நாலு சக்கரமும் இழுத்தால் கார் கெதியாகப் புறப்படும், அவ்வளவுதான். பிறேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிற்பாட்டுவது றோட்டைத் தொடுகிற நாலு உள்ளங்கை அளவு ரப்பர். அது குளிரில் இறுகிப் போனால் எந்த எழுத்து ஒட்டிய காரும் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிறீர்கள். பனியில் உராய்வு எண் 0.3 கிடைத்தால் பிறேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 33 மீற்றரில் நிற்கும். அது 0.2 ஆகக் குறைந்தால் 49 மீற்றர். இடையில் 16 மீற்றர், உங்கள் காரை மூன்று தரம் வரிசையாக விட்டாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்துக்குள்தான் முன்னால் நிற்கிறவர் இருப்பார்.

வளைவுராஜா · அக்டோபர் 26, இரவு 11:02

பனிக்கோடு அண்ணா, கணக்கு சரி. ஆனால் அந்த 0.3 வின்டர் டயருக்கு, 0.2 ஆல்-சீசனுக்கு என்று நீங்களாகப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய, 'எம்+எஸ்' (சேறும் பனியும்) என்று மட்டும் போட்ட ஆல்-சீசன் டயருக்கு அது பொருந்தும். இப்போதைய டயர் வேறு. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 அந்த மலை முத்திரை வாங்கியது. மிசிசாகாவில் என் ஆடி எஸ்4-இல் மூன்றாவது குளிர்காலமாக அதில்தான் போகிறேன்.

மாறன், உங்கள் வழியை யோசியுங்கள். டிவிபி, 401, 407 நெடுஞ்சாலைகள். பனி விழுந்து சில மணி நேரத்தில் உப்புப் போட்டுக் கறுப்புத் தார் தெரிந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நீங்கள் ஓட்டும் நாட்களில் பெரும்பாலானவை காய்ந்த குளிர்ந்த தார், இல்லை என்றால் உப்புத் தண்ணீர். அந்தத் தரையில் மெத்தென்ற வின்டர் டயர் நிற்க அதிக தூரம் எடுக்கும், திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பும். 382 குதிரைத்திறன் வண்டியை வாங்கிவிட்டு ஐந்து மாதம் பஞ்சு மெத்தை மேல் ஓட்டுவதா?

பனிக்கோடு · அக்டோபர் 27, காலை 6:20

முத்திரை முத்திரை என்கிறீர்கள். அதற்கு என்ன சோதனை என்று தெரியுமா? இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுத்துக்கொண்டு போகிறது என்று அளந்து, ஒப்பீட்டு ரயரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட இருந்தால் முத்திரை. பிறேக் பிடித்துப் பார்ப்பதில்லை. வளைவில் திருப்பிப் பார்ப்பதில்லை. ஐஸில் ஓடிப் பார்ப்பதே இல்லை.

வளைவுராஜா · அக்டோபர் 27, காலை 8:05

சரிதான். ஆனால் நீங்கள் போடச் சொல்கிற வின்டர் டயரிலும் இருப்பது அதே முத்திரைதான் அண்ணா. முத்திரை போதாது என்றால் இருவருக்குமே போதாது. டயர் டயராகத்தான் பார்க்க வேண்டும்.

பனிக்கோடு · அக்டோபர் 27, காலை 8:30

அது நியாயமான கதை. ஒத்துக்கொள்கிறேன்.

கராச்சுக்காரன் · அக்டோபர் 27, பகல் 12:50

ரயர் மாற்றுவதுதான் என் தொழில், அதனால் ஒரு விசயத்தைப் பிரித்துச் சொல்கிறேன். இரண்டு பேரும் 'வின்ரர் ரயர்' என்று ஒரே பெயரில் இரண்டு சாமானைப் பற்றிக் கதைக்கிறீர்கள்.

மிஷெலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ், நோக்கியன் ஹக்கபெலீட்டா ஆர் எல்லாம் ஒரு குடும்பம். ரப்பர் மெத்தென்று இருக்கும், றோட்டைத் தொடுகிற ரப்பர்க் கட்டைகளில் நூல் நூலாக வெட்டு நிறைய இருக்கும். ஐஸ் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும்போதுதான் மிக மோசமாகச் சறுக்கும், மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்பதால். மைனஸ் 20-இல் ஐஸ் அவ்வளவு வழுக்காது. அந்தப் படலத்தை விலக்கத்தான் இந்த வெட்டுகள். காய்ந்த றோட்டில் இந்த ரயர் நெளியும் என்று வளைவுராஜா சொன்னது இந்தக் குடும்பத்துக்கு உண்மை.

மற்றது பைலட் ஆல்பின், பிளிசாக் எல்எம் மாதிரி. ஜேர்மனி, ஒஸ்ரியாப் பக்கம் வேகமான கார்களுக்காகச் செய்தது. கட்டை விறைப்பு, காய்ந்த குளிர் றோட்டில் ஒழுங்காகத் திரும்பும், பனியிலும் நன்றாகப் பிடிக்கும். தனி ஐஸில் முதல் குடும்பத்துக்கு ஒரு படி கீழே. எம்340ஐ-க்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். ஜனவரி மாதம் வெளியே குளிரில் கிடந்த மூன்று ரயரையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் அமத்திப் பார்க்கச் சொல்வேன். கோடை ரயரில் நகம் இறங்காது, பிளாஸ்ரிக் வாளியை அமத்துகிற மாதிரி இருக்கும். ஆல்-சீசனில் கொஞ்சம் தடம் விழும். வின்ரரில் அழிறப்பரில் இறங்குகிற மாதிரி இறங்கும். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

றிம் விசயம்: 18 அங்குலம் இந்தக் காரின் பிறேக்குக்கு மேலால் போகும். ஆனால் எல்லா 18 றிம்மும் போகாது, ஸ்போக்கின் வளைவு பிறேக் கலிப்பரில் (பிறேக் தட்டை அமத்திப் பிடிக்கிற பாகம்) முட்டலாம். ஒரு தரம் மாட்டிப் பார்த்து வாங்குங்கோ. நாலு பக்கமும் 225/45 ஆர்18 போடுங்கோ. சுற்றளவு உங்கள் 19 அங்குல ரயருக்கு அரை சதவீதத்துக்குள் ஒத்துவரும். நாலும் ஒரே அளவு என்றால் முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே சீராகத் தேய வைக்கலாம். இந்தக் காரில் அது முக்கியம், முன் பின் சுற்றளவு வித்தியாசப்பட்டால் எக்ஸ்டிரைவின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) பாடுபடும்.

வளைவுராஜா · அக்டோபர் 27, மாலை 5:45

அண்ணா, இந்த விளக்கத்துக்கு நன்றி. ஆல்பின் வகையோடு ஒப்பிட்டால் என் வாதம் கொஞ்சம் மெலிகிறது, மறைக்கவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றும் கூலி, அடுக்குமாடியில் நான்கு சக்கரம் வைக்க இடம் தேடுவது, நவம்பரில் கடையில் நாள் கிடைக்காமல் அலைவது, இதெல்லாம் மாறனுக்கு வரும். டயரை மாற்ற நாள் கிடைக்காமல் டிசம்பர் முதல் வாரம் வரை கோடை டயரில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஓட்டுவதைவிட எப்போதும் வண்டியிலேயே இருக்கும் நல்ல ஆல்-சீசன் மேல். வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி இருக்கிறது, பெரும் பனி நாளில் வண்டியை எடுக்காமல் இருந்துவிடலாம். 2022 ஜனவரி 17 அன்று டிவிபியையே மூடினார்கள். அன்றைக்கு எந்த டயர் போட்டிருந்தும் என்ன பயன்?

நள்ளிரவுப்பணி · அக்டோபர் 28, காலை 7:55

ஷிஃப்ட் முடிந்து வந்து இதைப் படித்தேன், தூங்கப் போகும் முன் எழுதிவிடுகிறேன். நான் மருத்துவமனையில் செவிலியர். 'வண்டியை எடுக்காமல் இருந்துவிடலாம்' என்பது எனக்குக் கிடையாது. 2025 பிப்ரவரியில் சில நாள் இடைவெளியில் டொராண்டோவில் அரை மீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் நான்கு நாளும் போனேன்.

என்னிடம் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் வளைவுராஜா சொன்ன அதே காரணங்களுக்காக மலை முத்திரை உள்ள ஆல்-சீசன் போட்டேன். முதல் குளிர்காலம் அருமை. எல்லோரிடமும் புகழ்ந்தேன். இரண்டாவதும் பரவாயில்லை.

மூன்றாவது குளிர்காலம், ஜனவரி, விடிகாலை. எங்கள் பகுதியில் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் தெரு, கீழே சிக்னல். இரவில் விழுந்த பனியை அதுவரை ஓடிய வண்டிகள் அழுத்திப் பளபளவென்று ஆக்கியிருந்தன. வேகம் 40 கூட இல்லை. சிவப்பு விழுந்ததும் பிரேக்கை மெதுவாகத்தான் மிதித்தேன். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) காலுக்கடியில் கடகடவென்று துடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அந்தத் துடிப்போடு வண்டி நிதானமாக, கோடு தாண்டி, பாதசாரிகள் கடக்கும் இடம் தாண்டி, சந்திப்பின் நடுவில் போய் நின்றது. வலப்பக்கம் ஒரு பேருந்து. ஓட்டுநர் முன்கூட்டியே பார்த்து நிறுத்தியிருந்தார், அதனால் தப்பித்தேன். விளக்கு மாறிய பிறகும் கை நடுங்கியதில் கியர் விழவில்லை.

அன்று மாலை டயரின் ஆழத்தை அளந்தேன். நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே. சட்டப்படி அது தேய்ந்த டயர் இல்லை. ஆனால் பள்ளங்களில் பனி புகுந்து இறுகி, அந்தப் பனிதான் கீழே உள்ள பனியைப் பிடிக்கிறது. பள்ளம் ஆழமில்லை என்றால் பிடிக்க ஒன்றும் இல்லை. என் டயரைத் தேய்த்தது பனிக்காலம் அல்ல, மூன்று கோடைக்காலம். சூடான தாரில், இழுவை உள்ள வண்டியில், நான் ஆசையாக ஓட்டிய ஓட்டம்.

வளைவுராஜா தம்பி, உங்களுக்கு இது மூன்றாவது குளிர்காலம் என்றீர்கள். தயவுசெய்து இன்றைக்கே அளந்து பாருங்கள்.

வளைவுராஜா · அக்டோபர் 28, இரவு 8:30

அளந்தேன் அக்கா. முன்னால் 5, பின்னால் 4.5. வாங்கும்போது எட்டுக்குப் பக்கம் இருந்தது. இப்படி யோசித்ததில்லை. முதல் வருஷ அனுபவத்தை வைத்தே மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் பத்திரமாக இருப்பது பெரிய நிம்மதி.

ஆனாலும் ஆல்-சீசனே தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அக்டோபரிலும் அளந்து, ஐந்துக்குக் கீழே வந்தால் மாற்றிவிடத் தயாராக இருப்பவருக்கு அது சரியான டயர்தான். அப்படிச் செய்தால் விலைக் கணக்கு நான் சொன்ன மாதிரி வராது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பனிக்கோடு · அக்டோபர் 28, இரவு 9:10

இரண்டு செட் வைத்திருந்தால் ஒன்று ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கும். கூட வருகிற அந்த 600 டொலரை அப்படிப் பாருங்கோ மாறன். அடுத்தது, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டம் இருக்கிறது. கலியாணத்துக்குப் போகும்போது பிடித்தால் தண்டப் பணம்.

கராச்சுக்காரன் · அக்டோபர் 28, இரவு 9:35

அண்ணை, அது கியூபெக்கில் பதிந்த வாகனத்துக்குத்தான். ஒன்ராறியோ தகட்டோடு போகிறவருக்கு இல்லை. அதோடு மலை முத்திரை உள்ள ரயரை அந்தச் சட்டம் ஏற்கும், ஆல்-சீசன் என்று பெயர் இருந்தாலும். சட்டத்துக்குப் பயந்து போடத் தேவையில்லை. ஆனால் பிப்ரவரியில் கிங்ஸ்டனுக்கு அங்கால் 401-இல் இருட்டில் பனி அடிக்கும்போது தம்பிக்கு எது காலடியில் இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

காப்புறுதிக்காரரிடமும் கேளுங்கோ. ஒன்ராறியோவில் 2016 ஜனவரி 1 முதல் வின்ரர் ரயருக்குக் கட்டணக் கழிவு கொடுத்தே ஆக வேண்டும். கேட்காமல் தர மாட்டார்கள்.

மாறன்_மார்க்கம் · அக்டோபர் 30, இரவு 10:20

எல்லோரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நள்ளிரவுப்பணி அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அஜாக்ஸ் வீட்டுக் கராஜில் அப்பாவின் பழைய அலமாரியை நகர்த்தி நான்கு சக்கரத்துக்கு இடம் பண்ணிவிட்டார்கள். அதனால் இடப் பிரச்சினை தீர்ந்தது.

ஆல்பின் வகையில், நான்கு பக்கமும் 225/45 ஆர்18. நவம்பர் 8-ஆம் தேதி மாட்ட நாள் வாங்கியிருக்கிறேன், ரிம்மை முதலில் பிரேக் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வளைவுராஜா, ஏப்ரலில் கோடை டயரை மறுபடி மாட்டியதும் உங்களோடு ஒரு நாள் ஓட்ட வருகிறேன்.

வளைவுராஜா · அக்டோபர் 30, இரவு 10:41

கண்டிப்பாக. நானும் அதே வாரம் பின்னால் இரண்டை மட்டும் மாற்றலாம் என்று பார்க்கிறேன்.

கராச்சுக்காரன் · அக்டோபர் 30, இரவு 10:58

இரண்டை மட்டும் மாற்ற வேண்டாம் தம்பி, உங்களதும் நாலு சக்கர இழுவை. நாலையும் மாற்றுங்கோ.

மாறன், மாட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் போல்ட்டுகளை ஒரு தரம் முறுக்கிப் பாருங்கோ. உங்கள் காருக்கு 140 நியூட்டன் மீற்றர். குளிர் இறங்க இறங்கக் காற்றும் குறையும், ஏறக்குறைய ஐந்தரை டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). நிலத்தடியில் சூட்டில் நிற்கும்போது அளந்தால் சரியாகக் காட்டும், வெளியே வந்தால் குறைந்திருக்கும். ஓட்டத்துக்கு முன்னால், இரவு முழுக்க வெளியே நின்ற காரில் அளவுங்கோ. அஜாக்ஸில் இரவு தங்கினால், அடுத்த நாள் காலை நல்ல நேரம்.