ஒன்பது வயது மகளுக்கு வழி தேடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. என் மகள் வகுப்பில் எல்லோருக்கும் முன்பே கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பள்ளியில் கேட்டால் "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை.

கொஞ்சம் தேடிப் படித்தேன். சிங்கப்பூரில் 1984 முதல் தேர்வு வைத்து, மீத்திறன் பிள்ளைகளை, அதாவது வயதை மிஞ்சிய திறமை உள்ளவர்களை, சில பள்ளிகளில் மட்டும் சேர்த்துக் கற்பித்தார்கள். எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் அந்த வாய்ப்பு கிடைக்கும்படி மாற்றப்போவதாக 2024இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1971இல் ஆரம்பித்த ஆய்வில், 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வையே கொடுத்துப் பார்த்திருக்கிறார்! அவர் முயற்சியால் 1979இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையமே வந்தது. இன்று இணையவழி வகுப்பும் நடத்துகிறார்கள்.

முடிவெடுக்க முடியாமல் நிற்பது இங்கேதான்: ஒரு வகுப்பு தாண்டி ஏற்றுவதா, அதே வகுப்பில் வைத்துப் பாடத்தை ஆழமாக்குவதா? எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது. பிள்ளையை இப்படிப்பட்ட சிறப்பு வகுப்புக்கோ மேல் வகுப்புக்கோ அனுப்பியவர்களும், அப்படிப் படித்து வந்தவர்களும் சொல்லுங்களேன். மூத்த பிள்ளைகளோடு நட்பு அமைந்ததா? தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா? உதவித்தொகை கிடைத்ததா? சரிவராமல் போயிருந்தாலும் எழுதுங்கள், அது இன்னும் உதவும்.