தீவாந்தரத்தில் அக்கா தங்கை: 1880-களின் அந்தமான் பற்றிய நாவலுக்குச் சில சந்தேகங்கள்

கேள்வி (மணல்மேடு):
திருநெல்வேலிச் சீமையிலிருந்து அந்தமானுக்கு அனுப்பப்பட்ட அக்கா, தங்கை இருவரைப் பற்றிய நாவல் இது. கதை நடப்பது 1878 முதல் 1898 வரை. தங்கை கணவனைக் கொன்றதாகத் தண்டனை பெறுகிறாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் அக்காவும் கப்பல் ஏறுகிறாள். செல்லுலர் ஜெயிலில் இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள். அக்கா செக்கிழுக்கிறாள். முடிவில் தென்னந்தோப்புக்குள் ஒளிந்திருந்து கட்டுமரத்தில் தப்பப் பார்க்கிறார்கள். இதில் எது நிற்கும், எது நிற்காது?

பதில் (உப்பங்கழி):
செல்லுலர் ஜெயில் நிற்காது. அதன் கட்டுமானம் தொடங்கியதே 1896-ல், முடிந்தது 1906-ல். உங்கள் பெண்கள் தண்டனை முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் அஸ்திவாரம் எழும்புகிறது. கடைசி அத்தியாயத்தில் தூரத்தில் கட்டட வேலை நடப்பதாகக் காட்டலாம், அவ்வளவுதான். கட்டி முடித்த பிறகும் அது ஆண்களுக்கான சிறை. பெண்களுக்கு போர்ட் பிளேரின் சவுத் பாயிண்டில் தனி ஜெயில் இருந்தது.

செக்கும் அப்படியே. நாளுக்கு 30 ராத்தல் (பவுண்டு) தேங்காய் எண்ணெய் என்ற கொடுங்கணக்கு செல்லுலர் ஜெயில் ஆண் கைதிகளுடையது, அதுவும் இருபதாம் நூற்றாண்டில். பெண்களுக்கு நூற்பு, நெசவு, தையல், தானியம் அரைத்தல். இதைச் சாதாரண வேலை என்று கடந்துவிடாதீர்கள். அந்தமான் கைதிக் குடியேற்றத்தில் இருந்தவர்கள் உடுத்தும் துணிக்கு இந்தக் கைகள்தான் உழைத்தன. தறியில் இழை அறுந்தால் என்ன ஆகும், அளவு குறைந்தால் யார் வந்து கேட்பார்கள், இரண்டு பேரில் யார் கை வேகம் என்பதிலேயே பாதி நாவல் இருக்கிறது.

அடுத்தடுத்த அறைகளும் வேண்டாம். பெண்கள் ஒரே கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். அக்காளும் தங்கையும் அருகருகே படுத்திருந்தும் மனம்விட்டுப் பேச முடியாது, சுற்றிலும் காதுகள். கண்காணிப்பவளும் ஒரு கைதிதான். நல்ல நடத்தைக்குப் பதவி உயர்வு பெற்றவள். அதை இழக்க அஞ்சுவாள்.

பதில் (பழைய சட்டப்புத்தகம்):
அக்கா தானாகக் கப்பல் ஏறுவது பெரிய ஓட்டை. சொந்தக்காலில் பிழைக்க அனுமதி பெற்ற ஆண் கைதி தன் மனைவி, பிள்ளைகளை ஊரிலிருந்து வரவழைத்துக்கொள்ள வழி இருந்தது. உடன்பிறந்தாளுக்கு அந்த வழி கிடையாது. இருவரையும் ஒரே வழக்கில் தண்டித்துவிடுவதே நேரான வழி.

உங்கள் காலத்துக்குப் பொருத்தமான வழக்கும் கையருகே இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். தானியக் கிடங்கைக் கூட்டமாக உடைக்கிறார்கள் என்று வையுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது 391-ஆம் பிரிவின் கூட்டுக்கொள்ளை. 395-ஆம் பிரிவின்படி ஆயுள் தீவாந்தரம், அதாவது கடல் கடந்து அனுப்பும் ஆயுள் தண்டனை, அல்லது பத்தாண்டு வரை கடுங்காவல். நான்கு பேர் என்று எழுதினீர்களோ, அது வெறும் கொள்ளை, 392-க்குப் போய்விடும். ஆளெண்ணிக்கையைச் சாட்சிகள் வாயால் கட்டாயம் சொல்லவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 395-ல் நீதிபதிக்குத் தேர்வு உண்டு. ஒருத்திக்குத் தீவாந்தரம், மற்றவளுக்குப் பத்தாண்டு என்று தீர்ப்பானால் இரண்டாமவள் கப்பல் ஏற மாட்டாள். இருவருக்கும் ஒரே தீர்ப்பு வரக் காரணம் வேண்டும். கிடங்குக் காவலாளி செத்தான் என்றால் 396 வந்துவிடும், தூக்குவரை போகலாம். அப்போது தூக்கிலிருந்து தப்பித் தீவாந்தரம் கிடைத்ததே பெரிது என்ற நிலையில் கதை தொடங்கும். வலுவான தொடக்கம் அது.

மணல்மேடு:
பஞ்சக் கிடங்கு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன், மிக்க நன்றி. ஆனால் சிறையும் செக்கும் இல்லையென்றால் இருபது வருஷத்துக்குக் கதையை எது நகர்த்தும்?

பதில் (கடலோடி):
கல்யாணம் நகர்த்தும். அந்தத் தீவில் பெண் கைதிகளின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்தது அதுதான்.

1901-ல் கைதிகள் மொத்தம் ஏறத்தாழ 12,000 பேர். அதில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆண்களைக் குடும்பமாக்கி நிலத்தில் உட்கார வைத்தால் அடங்கி இருப்பார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. பெண் கைதிக்கு ஜெயிலை விட்டு வெளியேற அதுவே முக்கியமான வழி. விதி காலத்துக்குக் காலம் தளர்ந்தும் இறுகியும் வந்தது. பெண்ணுக்குச் சுமார் ஐந்து ஆண்டு, ஆணுக்குச் சுமார் பத்து ஆண்டு நன்னடத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஆணுக்கு 'டிக்கெட்', அதாவது சொந்தக்காலில் பிழைக்கும் அனுமதி, கிடைக்கும். அரசு ரேஷன் நின்றுவிடும், கிராமத்தில் நிலம் உழுதோ மாடு வைத்தோ பிழைக்க வேண்டும். டிக்கெட் வாங்கியவன் மனுப்போட்டு, பெண்கள் ஜெயிலுக்கு வந்து, அதிகாரிகள் முன்னிலையில் பெண் பார்ப்பான். அவள் சம்மதிக்க வேண்டும், சூப்பரிண்டெண்டெண்ட் ஒப்புதல் தர வேண்டும். போர்ட் பிளேரில் ஷாதிப்பூர் என்ற பேட்டை இன்றும் இருக்கிறது. பெயரிலேயே கல்யாணம் இருக்கிறது பாருங்கள்.

இப்போது உங்கள் 1883-க்கு வாருங்கள். இருவரில் ஒருத்தி போகிறாள், மற்றவள் தங்குகிறாள். போகிறவளுக்கு வாய்ப்பவன் பஞ்சாபியாகவோ வங்காளியாகவோ இருக்கலாம். அவனோடு பேச இந்துஸ்தானிதான். தங்குபவளுக்கு அன்றோடு தமிழ் பேச ஆளில்லாமல் போகிறது. சம்மதம் என்று சொல்லும் கணத்தில் அக்கா திரும்பிப் பார்த்தாளா இல்லையா என்பதைத் தீர்மானித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

பிழை வரும் இடம் ஒன்று. வெளியே போனவள் சுதந்திரமானவள் இல்லை. ஒழுங்கு மீறினாள் என்று புகார் போனால் திரும்பவும் ஜெயில்தான். அந்தப் புகாரைக் கணவனே கொடுக்கலாம். அக்காளும் தங்கையும் மறுபடி ஒரே கூரைக்குக் கீழ் வர அதுவும் ஒரு வழி. அதை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது உங்கள் கையில்.

பதில் (உப்பங்கழி):
தப்பிக்கும் காட்சி பற்றி. தென்னை அந்தமானில் தானாகப் பரவி வளர்ந்த மரம் இல்லை. 1858-ல் குடியேற்றம் வந்தபின் நட்டு வளர்த்தது. 1880-களில் தோப்பு இருக்கும், ஆனால் கைதிகள் நட்ட தோப்பு, அதனால் கண்காணிப்பும் இருக்கும். ஒளிய வேண்டுமானால் படாக் மரக் காடு. அங்கே புலி, சிறுத்தை கிடையாது, தயவுசெய்து உறுமவிடாதீர்கள். அட்டை, பூரான், மலேரியா, ஜாரவா பழங்குடியினரின் அம்பு போதும். தென்மேற்குப் பருவத்தில் மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், பிறகு வடகிழக்கு மழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அமைதி. சென்னைக்கு ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கட்டுமரத்தில் கரை சேர்ந்ததாக எழுதினால் நம்ப முடியாது.

பதில் (கடலோடி):
ஊர்ப்பெயர் ஒன்று விட்டுப்போனது. நிர்வாகத் தலைமையிடமான ராஸ் தீவு, போர்ட் பிளேர் என்றே எழுதுங்கள். இப்போதைய பெயர்கள் 2018-லும் 2024-லும் வந்தவை. வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி ஹோப் டவுன் துறையில் குத்திக் கொன்றது 1872 பிப்ரவரி 8-ல். 1878-ல் கரையிறங்கும் பெண்களுக்கு அது ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. பழைய கைதிகள் முதல் வாரத்திலேயே அவர்களிடம் தணிந்த குரலில் சொல்லியிருப்பார்கள்.